தேதி இல்லாமல் டென்ஸ் ஏது?

வரலாற்றைக் கொண்டு ஆங்கில டென்ஸ் நடத்துவது வீண்வேலையாம். வரலாறு முடிந்த கதை, அதில் இறந்தகாலம் தவிர என்ன கிடைக்கும், பன்னிரண்டு கட்ட அட்டவணையை மனப்பாடம் பண்ணவைத்தால் போதாதா என்கிறார்கள். அட்டவணையை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற பிள்ளை, ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் ஏன் திருதிருவென விழிக்கிறது? அதற்கு மட்டும் பதிலைக் காணோம்.

உதாரணத்துக்கு, ஏரியூர் என்ற ஊரின் வகுப்பறை ஒன்றுக்கு வருவோம். பக்கத்து நாகமரையில் நின்றால் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு. அணை வேலை 1925இல் தொடங்கியது: 'பிகேன்'. ஆண்டைச் சொன்னபின் அங்கே 'ஹேஸ் பிகன்' நுழைய முடியாது. 1934 ஆகஸ்டில் திறந்தபோது ஒன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன: 'ஹேட் பாஸ்டு'. நீர் வற்றும்போதெல்லாம் எதிர்க்கரைப் பண்ணவாடியின் பழைய நந்தி தலைகாட்டும்: 'அப்பியர்ஸ்'. வரலாற்றில் நிகழ்காலம் இல்லையென்று யார் சொன்னது?

பிள்ளைகள் சறுக்குமிடம் வேறு. 'அணை 1934 முதல் நிற்கிறது' என்று தமிழில் நினைத்து 'இஸ் ஸ்டாண்டிங் சின்ஸ் 1934' என்று எழுதுவார்கள். 'ஹேஸ் ஸ்டுட்' என்று திருத்த, கரும்பலகையில் 1934இலிருந்து இன்றுவரை ஒரு கோடு இழுத்தால் போதும். அட்டவணையில் அந்தக் கோடு கிடையாது.

பாடநூலின் வரலாற்றுப் பக்கங்கள் பெரும்பாலும் சாதாரண இறந்தகாலத்திலேயே ஓடுகின்றன என்ற குறை நியாயம்தான். ஆசிரியர் இரண்டு நிகழ்ச்சிகளை எடுத்து, எது முந்தியது என்று கேட்கட்டுமே.