வரப்புல கழட்டி வச்ச செருப்பு

ஸ்கூல்ல குடற்புழு மாத்திரை குடுத்தது ஞாபகம் இருக்கா? டீச்சர் கண்ணு முன்னாடியே மென்னு முழுங்கணும். பாதிப் பேர் ஜன்னல் வழியா துப்பியிருப்போம். அது அல்பெண்டசோல், 400 மில்லிகிராம். 2015-ல் தொடங்கிய தேசிய குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயசு வரைக்கும் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயசுப் பெண்களுக்கும் உண்டு. நல்ல திட்டம்தான். என் கேள்வி ஒண்ணே ஒண்ணு: எங்க அப்பாவுக்கு ஏன் இல்லை?

மொரப்பூர் பக்கம் எங்க கொல்லையில் மஞ்சளும் மரவள்ளியும். தண்ணி பாய்ச்சுற அன்னைக்கு அப்பா செருப்பை வரப்பிலேயே கழட்டி வச்சிடுவார். சேத்துல செருப்பு போட்டு நடந்து பாருங்க, புரியும். "செருப்பு போடுங்க"ன்னு போஸ்டர் ஒட்டுறவங்க யாரும் மடை திருப்பினதில்லை போல.

கொக்கிப்புழுவுக்கு அந்த வெறுங்கால் போதும். ஈர மண்ணில் காத்திருக்கும் அதன் இளம்புழு, புரதத்தை வெட்டும் நொதிகளைச் சுரந்து தோலைக் கரைச்சுக்கிட்டே உள்ளே போகுது. ரத்தம், நுரையீரல், தொண்டை வழியா குடலுக்கு வந்து சுவரைக் கவ்வுது. கடிச்ச இடத்தில் ரத்தம் உறையாமல் இருக்க தனியா ஒரு சுரப்பு. குடிச்ச ஹீமோகுளோபினை முதலில் ஆஸ்பார்டிக் புரோட்டியேஸ் வெட்டும். மிச்சத்தை அடுத்தடுத்த நொதிகள் நறுக்கும். நம்ம அசெம்பிளி லைன் மாதிரியேதான். அந்த முதல் நொதியையே குறிவச்சு தடுப்பூசி செஞ்சு, மனிதர்களிடம் சோதனை வரைக்கும் போயிருக்காங்க.

ஒரு புழு ஒரு நாளைக்குக் குடிப்பது சுமார் 0.03 மில்லி. சின்ன விஷயமா தெரியுதா? 100 புழு இருந்தா மாசத்துக்கு 90 மில்லி. படியேறினா மூச்சு வாங்குது, வெளுத்துப் போறாங்க. வீட்டில் "வயசாச்சு"ன்னு முடிச்சிடுறோம்.

உருண்டைப்புழு குழந்தைகளிடம் அதிகம். கொக்கிப்புழு அப்படியில்லை, பெரியவங்ககிட்டதான் கூடுதல். பசங்களுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தா, கழிப்பறை இல்லாத ஊரில் பெரியவங்க வழியா முட்டை திரும்பவும் மண்ணுக்கே வரும். இதனால்தான் வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் ஊர் மொத்தத்துக்கும் மாத்திரை கொடுத்து ஆய்வு செஞ்சாங்க. மலாவியிலும் பெனினிலும் இதே ஆய்வு நடந்தது.

நூறு நாள் வேலை நடக்கிற இடத்திலேயே கொடுக்கலாமே? அங்கே பெரியவங்க எல்லா வயசிலும் இருக்காங்க, வருகைப் பதிவேடும் இருக்கு. அதுவரைக்கும், இந்த லீவுக்கு ஊருக்குப் போறப்போ அப்பா அம்மாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போய் ஹீமோகுளோபின் பாருங்க. நான் போன வாரம்தான் எங்க அப்பாவைச் சம்மதிக்க வச்சேன்.