நிறச் சக்கரம்

சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றுமே மூல நிறங்கள் என்று சித்திர வகுப்பிற் கற்ற மாணவர், கணினித் திரையிற் சிவப்பும் பச்சையும் கூடி மஞ்சளாவதைக் கண்டு மயங்குகின்றனர். ஆசிரியர் சொன்னது பொய்யோ, கணினி காட்டுவது பொய்யோ என்று கேட்கின்றனர். இரண்டும் மெய்யே. இதனை விளங்கிக்கொள்ள, தாமே ஒரு நிறச் சக்கரம் அமைத்துப் பார்ப்பதினும் நல்ல வழி நாம் அறியோம்.

நிறங்களை முதலில் வட்டமாக்கிய விஞ்ஞானிகளுள் தலையாயவர் நியூற்றன். சூரிய ஒளியை அரியத்தினூடு செலுத்திப் பிரித்த அவர், 1704 இல் வெளியிட்ட ஒளியியல் நூலில், பட்டையின் இரு அந்தங்களான சிவப்பையும் ஊதாவையும் அருகருகே இருத்தினார். இசையின் ஏழு சுரங்களை ஒப்பவே நிறங்களையும் ஏழென வகுத்தார். சப்தசுரம் பயின்ற நம்மவருக்கு இது இனிக்கும்.

இனிச் செய்முறை. 1996 இல் முதன்முதல் வெளிவந்த ‘ஜிம்ப்’ என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. சதுரமான வெண்படமொன்றைத் திறந்து, கடிகார முகத்தில் எண்கள் நிற்கும் பன்னிரண்டு இடங்களிலும் சிறு வட்டங்கள் இடுக. நீள்வட்டத் தெரிவுக் கருவியை இழுக்கத் தொடங்கிய பின் ஷிப்ட் விசையை அழுத்தினால் முழு வட்டம் அமையும். நிறப் பெட்டியில் எச், எஸ், வி என மூன்று அளவைகள் உண்டு. பின்னிரண்டையும் 100 இல் நிறுத்தி, எச் அளவை மாத்திரம் 0, 30, 60 என்று முப்பது முப்பதாக உயர்த்தி, ஒவ்வொரு வட்டத்தையும் நிரப்புக. பன்னிரண்டு மணியிற் சிவப்பும், இரண்டில் மஞ்சளும், நான்கிற் பச்சையும், ஆறிற் சயனும், எட்டில் நீலமும், பத்தில் மஜெந்தாவும் வந்து நிற்கும். ஒரே இழுப்பில் இவ்வளவையும் தீட்டித் தரும் கருவியும் அம்மென்பொருளில் உண்டு. மாணவருக்கு அதனை நாம் சிபாரிசு செய்யோம். கை செய்யாததை மனம் கொள்வதில்லை.

இச்சக்கரத்தில் மஞ்சளுக்கு நேரெதிர் நீலம். அவ்விரண்டையும் ஒளியாகக் கூட்டினால் வெண்மை பிறக்கும். ஆனாற் பனையோலைப் பெட்டி இழைக்கும் நம் ஊர்த் தாய்மாரைக் கேளுங்கள்: மஞ்சட் சாயத்தில் நீலத்தைக் கலந்தாற் பச்சை என்பார்கள். திரை ஒளியை உமிழ்கிறது. சாயமோ ஒளியை விழுங்குகிறது. மஞ்சட் சாயம் நீல ஒளியை விழுங்க, நீலச் சாயம் சிவப்பை விழுங்க, இரண்டுக்கும் தப்பி எஞ்சுவது பச்சையே.

இது வெறும் ஏட்டறிவன்று. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஓர் இளைஞன் திருவிழாத் துண்டுப்பிரசுரத்தைத் திரையிற் பளிச்சிடும் பச்சையில் அமைக்கிறான் என்று கொள்வோம். அச்சகத்து மைகள் சயன், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்பன. திரையின் அப்பச்சையை அவற்றால் எட்ட முடியாது. ஆயிரம் பிரதிகளும் மங்கலாக வந்த பின், காசு கொடுத்தவரிடம் அவன் என்ன சொல்வான்? அச்சுக்குரிய நிறங்களை முன்னரே தெரிந்து, ஒரு பிரதியை மாத்திரம் அடித்துப் பார்ப்பவனுக்கு அந்தத் தொல்லை இல்லை.

சக்கரம் முடித்த மாணவர், முல்லைத்தீவுக் கடலில் எழும் காலைச் சூரியனைப் படம்பிடித்து, நிறமெடுக்கும் கருவியை அதன் விளிம்பிலும் பின்னர் மேலே வானத்திலும் வைத்து, எச் அளவைகள் இரண்டையும் குறித்துக்கொள்க. செம்மஞ்சள் 30 ஐ அண்டியும் வான்நீலம் 210 ஐ அண்டியும் இருப்பின், அவை தம் சக்கரத்தில் எங்கெங்கே நிற்கின்றன என்று தாமே பார்க்கட்டும்.