தேயிலைச் சல்லடையும் செல் பிரிக்கும் இயந்திரமும்

கேமரன் மலையில் சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் தேநீர் குடித்து, படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அடுத்த முறை போனால், தேயிலைத் தொழிற்சாலையில் கடைசியாக நடக்கும் வேலையையும் கவனியுங்கள். காய்ந்த தேயிலை அதிரும் சல்லடைகளில் ஓடி, பெரிய இலை, பொடி இலை, தூள் என்று பிரியும்.

பிரிக்கும் வேலையை ரத்த செல்களில் செய்யும் இயந்திரமும் இருக்கிறது. பெயர் 'செல் சார்ட்டர்'. 1965-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் மேக் ஃபுல்வைலர் இதற்கு வழி கண்டார். பின்னர் ஸ்டான்ஃபோர்டில் லியோனார்ட் ஹெர்சன்பர்க் குழு, ஒளிரும் சாயம் ஏற்றிய செல்களைப் பிரிக்கும் அளவுக்கு அதை வளர்த்தது.

செல்கள் உப்புநீரில் வரிசையாக வந்து லேசர் கதிரைக் கடக்கும். எந்தச் செல் எந்த நிறத்தில் ஒளிர்கிறது என்று கருவி பார்த்துக்கொள்ளும். நீர் வெளியேறும் முனையின் துளை 70 மைக்ரான், ஏறக்குறைய நம் தலைமுடியின் தடிமன். அந்த முனை அதிர்வதால் நீர் நொடிக்குச் சுமார் 90,000 துளிகளாக உடையும். வேண்டிய செல் இருக்கும் துளிக்கு மின்னூட்டம் தருவார்கள். மின்தகடுகள் அதை இழுத்துக் குழாயில் சேர்க்கும்.

இவ்வளவும் இயந்திரமே செய்கிறதே, பழக என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. லேசரைக் கடந்த செல், துளியாக உடையும் இடத்துக்கு வந்துசேர ஆகும் நேரத்தைச் சரியாக அமைக்க வேண்டும். ஒரு துளி தள்ளிப்போனாலும் பக்கத்துத் துளிதான் குழாயில் விழும். அதை நம்பிச் செய்த ஆய்வு மொத்தமும் வீண். அதனால் முதலில் ஒளிரும் நுண்மணிகளை ஓடவிட்டுப் பழகுவார்கள். செல்கள் கட்டிக்கொண்டால் முனை அடைத்துவிடும். ஆகவே அவற்றையும் முன்கூட்டி வலையில் வடிகட்டித்தான் விட வேண்டும். இங்கேயும் சல்லடைதான்! மனித ரத்தம் என்றால், அடைப்பு நேரத்தில் தெறிக்கும் நுண்துளிகளிலிருந்து தன்னையும் காத்துக்கொள்ள வேண்டும். கையேட்டைப் படித்து மட்டும் இது வராது. அனுபவசாலி பக்கத்தில் பல நாள் உட்கார வேண்டும்.

நம் வீடுகளில் உயிரியல் என்றாலே டாக்டர், அது கிடைக்காவிட்டால் ஆசிரியர். மருத்துவ இடம் கிடைக்காத பிள்ளை தோற்றுப்போனது மாதிரி வீடே மௌனமாகிவிடும். அந்த மௌனம் எனக்குப் பிடிப்பதில்லை. புற்றுநோய், எதிர்ப்புசக்தி ஆய்வுகளுக்கு இந்தக் கருவியை ஓட்டத் தெரிந்த கைகள் வேண்டும். பிள்ளை உயிரியல் படிக்கிறதா? பல்கலைக்கழகத்தில் இந்தக் கருவி இருக்கிறதா, இறுதியாண்டு ஆய்வில் அதன் பக்கத்தில் உட்கார விடுவார்களா என்று இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள்.