நாள் கணக்கை யார் பார்த்துக்கொள்வது?



உங்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் துறையில் இருக்கிறீர்கள். மீதிப் பேர் அந்தத் துறையில் இருக்கிறவர்களுக்கு அப்பாவாக, அம்மாவாக, மாமாவாக, அத்தையாக இருக்கிறீர்கள். அதனால் இந்தப் பதிவு எல்லோருக்கும்தான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலகத்தில் உள்ள போன்களும் கணினிகளும் தேதியும் நேரமும் சரியாகக் காட்டுவதற்குக் காரணம், பெரும்பாலும் சம்பளம் வாங்காமல் வேலை செய்கிற ஒரு சிறு கூட்டம். அவர்கள் எழுதி வைத்ததை நம் பிள்ளைகள் தினமும் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். எடுப்பதில் தப்பில்லை. ஆனால் திருப்பிக் கொடுக்கும் கை நம்மிடம் குறைவு. அது மாற வேண்டும் என்பது என் கருத்து.

உறவினர்களுக்காக ஒரு விளக்கம். மேல்நிலை வகுப்பில் லாக் டேபிள் வைத்துக்கொண்டு பெருக்கினோமே, நினைவிருக்கிறதா? ஒவ்வொரு எண்ணுக்கும் மடக்கை என்ன என்று நாம் கண்டுபிடிக்கவில்லை. யாரோ ஒருமுறை கண்டுபிடித்து அச்சடித்துக் கொடுத்தார்கள், நாம் பார்த்து எழுதினோம். மென்பொருளில் 'லைப்ரரி' என்பது அதுபோலத்தான். ஒருவர் எழுதி வைத்த கணக்கை ஆயிரம் பேர் எடுத்துத் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்வார்கள். 'ஓப்பன் சோர்ஸ்' என்றால் அந்தக் கணக்கின் உள்விவரமும் திறந்தே இருக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தம் சொல்லலாம்.

லாக் டேபிளுக்கும் நாள் கணக்குக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. 2இன் மடக்கை என் தாத்தா காலத்திலும் 0.3010தான், என் பேரன் காலத்திலும் அதேதான். நாள் கணக்கு அப்படி இல்லை.

லீப் ஆண்டு விதி மட்டும் என்றால் மூன்று வரியில் முடிந்துவிடும். 4ஆல் வகுபட்டால் லீப். 100ஆல் வகுபட்டால் இல்லை. 400ஆல் வகுபட்டால் உண்டு. 1900 லீப் ஆண்டு இல்லை, 2000 லீப் ஆண்டு. இதிலேயே வழுக்கி விழுந்தவர்கள் உண்டு. 2008 டிசம்பர் 31 அன்று மைக்ரோசாஃப்டின் 'சூன்' பாட்டுக் கருவிகளில் ஒரு வகை உலகெங்கும் உறைந்து நின்றது. லீப் ஆண்டின் 366ஆம் நாள் வந்தால் என்ன செய்வது என்று அதன் நிரலில் வழி வைக்கவில்லை. செக்கு மாடு போல ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது.

இதைவிடப் பெரிய சிக்கல், கடிகாரத்தை அரசாங்கங்கள் மாற்றுவதுதான். பசிபிக் கடலில் உள்ள சமோவா நாட்டில் 2011 டிசம்பர் 30 என்ற நாளே கிடையாது. வியாழன் 29ஆம் தேதி தூங்கப் போனவர்கள் சனி 31ஆம் தேதி எழுந்தார்கள். தேதிக் கோட்டின் மறுபக்கத்துக்கு நாடே தாவிக்கொண்டது. இலங்கை 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. அக்டோபரில் அதில் அரை மணியைக் குறைத்தது. 2006 ஏப்ரலில் மறுபடி பழைய ஐந்தரைக்கே வந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் 1996இன் மாற்றத்தை ஏற்கவில்லை. அதனால் ஒரே தீவில் இரண்டு நேரம் ஓடியது. நம் நாட்டிலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது. அந்த வருடங்களில் பிறந்தவர்களுக்கு ஜாதகம் கணித்த ஜோசியர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

இதையெல்லாம் நாடு நாடாக, வருடம் வருடமாக ஒரே இடத்தில் குறித்து வைக்கத் தொடங்கியவர் ஆர்தர் டேவிட் ஓல்சன். அமெரிக்காவில் ஓர் அரசு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1980களில் அவர் தொடங்கிய அந்தத் தொகுப்புக்கு 'நேர மண்டலத் தரவுத்தளம்' என்று பெயர். அவருக்குப் பிறகு பால் எகர்ட் என்பவர் பொறுப்பேற்றுக் கவனித்து வருகிறார். ஆண்ட்ராய்டு, ஐபோன், லினக்ஸ் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இதுதான். நம் நேரத்துக்கு அதில் 'ஆசியா/கொல்கத்தா' என்று பெயர். பழைய 'கல்கத்தா' என்ற பெயரும் இன்னும் செல்லும். என்றோ ஒருவர் எழுதிய நிரல் உடைந்துவிடக் கூடாது என்ற அக்கறை.

இந்தத் தொண்டுக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? 2011இல் ஒரு வழக்கு. ஜோதிட மென்பொருள் விற்கும் ஓர் அமெரிக்க நிறுவனம், தங்கள் புத்தகத்தில் இருந்த பழைய நேர விவரங்களை எடுத்துக்கொண்டார்கள் என்று ஓல்சன் மீதும் எகர்ட் மீதும் வழக்குப் போட்டது. சில நாள் தொகுப்பு இணையத்திலிருந்தே இறங்கியது. உலகத்தின் கடிகாரம் இரண்டு தனி மனிதர்களின் தலையில் இருந்தது என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. இணைய முகவரிகளை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு தொகுப்பைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 2012 பிப்ரவரியில் வழக்குத் தொடுத்தவர்களே அதைத் திரும்பப் பெற்றார்கள்.

இரண்டாவது உதாரணம் 'மொமென்ட்' என்ற லைப்ரரி. ஜாவாஸ்கிரிப்டில் ஜனவரிக்கு எண் 0, டிசம்பருக்கு எண் 11. இப்படிப்பட்ட குழப்பங்களிலிருந்து காப்பாற்ற 2011இல் வந்தது அது. 2020இல் வாரத்துக்கு ஒரு கோடியே இருபது லட்சம் தடவைக்கு மேல் இறக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அந்த உச்சத்தில் இருக்கும்போதே அதைப் பராமரித்தவர்கள், "இதில் இனிப் புதிதாக எதுவும் சேர்க்க மாட்டோம். இதன் அடிப்படை அமைப்பில் குறை இருக்கிறது. மாற்றினால் இதை நம்பியிருக்கும் லட்சக்கணக்கான நிரல்கள் உடையும். புதிதாகத் தொடங்குபவர்கள் வேறு லைப்ரரியைப் பாருங்கள்" என்ற பொருளில் அறிவித்தார்கள். சொன்னதோடு நிற்காமல் மாற்று லைப்ரரிகளின் பெயரையும் கொடுத்தார்கள். தன் கடைக்கு வந்தவரைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பும் நேர்மை எத்தனை பேருக்கு வரும்?

"சார், தேதி ஒன்று முன்னே பின்னே போனால் குடியா முழுகிவிடும்?" என்று கேட்கலாம். கலிபோர்னியாவில் இருக்கும் என் தங்கை மகன் தன் பெண்ணைப் பள்ளியில் சேர்க்க இணையத்தில் விண்ணப்பம் நிரப்பினான். பிறந்த தேதி ஜூன் 12 என்று போட்டால் அச்சில் ஜூன் 11 என்று வந்தது. பிறந்தநாள் என்பது ஒரு நாள். அதை நிரல் எழுதியவர் ஒரு நேரமாக, கிரீன்விச் கணக்கில் நள்ளிரவு 12 மணியாகச் சேமித்திருக்கிறார். கிரீன்விச்சில் 12ஆம் தேதி பிறக்கும்போது கலிபோர்னியாவில் 11ஆம் தேதி மாலை 5 மணி. இந்த வித்தியாசத்தை 'ஐகேலண்டர்' தரம் 1998லேயே பிரித்து வைத்துவிட்டது. நாள் என்றால் ஒரு வகை, நேரம் என்றால் வேறு வகை. நல்ல லைப்ரரிகளும் அப்படித்தான் பிரிக்கின்றன. அந்த விண்ணப்பத்தை எழுதியவர் அதைப் படிக்கவில்லை, அவ்வளவுதான். பிறந்த தேதி ஒரு நாள் மாறினால் என்ன பாடு என்று பள்ளிச் சான்றிதழ் திருத்தத்துக்கு அலைந்தவர்களுக்குத் தெரியும்.

இனி நம் பங்குக்கு வருகிறேன். நாம் இதில் கை வைக்க வேண்டியதற்கு இரண்டு காரணங்கள் சொல்வேன்.

ஒன்று, நாம் அரை மணிக் கணக்கில் வாழ்கிறவர்கள். உலகின் பெரும்பாலான நாடுகள் கிரீன்விச்சிலிருந்து முழு மணிக் கணக்கில் தள்ளி இருக்கின்றன. நாம் ஐந்தரை, நேபாளம் ஐந்தே முக்கால். முழு மணி நாட்டில் உட்கார்ந்து சோதிப்பவரின் கண்ணில் படாத பிழை நம் கண்ணில் படும்.

இரண்டு, நம் நாட்காட்டி. யூனிகோடு அமைப்பின் தரவுத் தொகுப்பில் எத்தியோப்பிய, பாரசீக, எபிரேய நாட்காட்டிகள் இருக்கின்றன. இந்திய அரசின் சக ஆண்டும் இருக்கிறது. சித்திரை, வைகாசி என்று போகும் நம் நாட்காட்டி இல்லை. தனி ஆட்கள் எழுதிய பஞ்சாங்க நிரல்கள் உண்டு. ஆனால் எல்லாப் போன்களுக்கும் போய்ச் சேரும் இடத்தில் அது இல்லை. கணக்கு எளிதும் இல்லை. ஆனி 32 நாள் வரும், மார்கழி 29 நாளில் முடியும். சூரியன் ராசி மாறுவது அஸ்தமனத்துக்கு முன்னால் என்றால் அன்றே மாதப் பிறப்பு, பின்னால் என்றால் மறுநாள். வாக்கியமா, திருக்கணிதமா? டொராண்டோவில் இருக்கும் நம் வீட்டுக்கு எந்த ஊர் அஸ்தமனம்? இந்தக் கேள்விகளைக் கேட்கவே நம் வீட்டில் வளர்ந்த பிள்ளை வேண்டும். நாம் போகாமல் "எங்களை மறந்துவிட்டார்கள்" என்று குறைப்படுவது நியாயம் இல்லை.

"வேலைக்கே நேரம் போதவில்லை" என்பீர்கள். தெரியும். உங்கள் அம்மாக்கள் என்னிடம் சொல்கிறார்கள். "இப்போது ஏஐ எழுதிக் கொடுத்துவிடுமே" என்றும் சொல்வீர்கள். 2023 மார்ச்சில் லெபனான் அரசு, கோடைக்காலக் கடிகார மாற்றத்தை ரமலான் முடியும்வரை தள்ளிப்போடுவதாகக் கடைசி நேரத்தில் அறிவித்தது. தேவாலயமும் சில தொலைக்காட்சிகளும் ஏற்கவில்லை. நாடு இரண்டு நேரத்தில் ஓடியது. சில நாளில் அரசே முடிவை மாற்றியது. நேரத் தரவுத்தளம் அந்த ஒரு வாரத்தில் ஒரு முறை மாறி, மறுபடி பழையபடி திரும்பியது. செய்தியைப் படித்து, எதை நம்புவது என்று யோசித்து முடிவெடுத்தவர்கள் மனிதர்கள். அந்த இடத்தில் ஒரு பொறுப்பான ஆள் எப்போதும் தேவை.

பழைய காலத்தில் குடிமராமத்து என்று ஒன்று இருந்தது. ஏரியில் தண்ணீர் எடுப்பவர்கள் வீட்டுக்கு ஓர் ஆள் போய்க் கரையைச் செப்பனிடுவார்கள். ஏரி வெட்டியவனுக்கு நன்றி சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால் அடுத்த மழையில் கரை உடையும் என்று அவர்களுக்குத் தெரியும். நாள் கணக்கு லைப்ரரிகளும் அப்படித்தான்.

பெரிதாக ஒன்றும் வேண்டாம். தேதிப் பிழை ஒன்றைக் கண்டால் புலம்பாமல், எந்த ஊர், எந்தத் தேதி, என்ன வர வேண்டும், என்ன வந்தது என்று நான்கு வரியில் தெளிவாக எழுதி அனுப்புங்கள். விடைத்தாளில் படிகளைக் காட்டச் சொல்வேனே, அதேதான். முடிந்தவர்கள் திருத்தத்தையும் சோதனையையும் சேர்த்து அனுப்புங்கள். நிறுவனத்தில் பொறுப்பில் இருப்பவர்கள், நீங்கள் இலவசமாக எடுக்கும் லைப்ரரிகளைப் பட்டியல் போட்டு, பராமரிப்பவர்களுக்கு மாதம் அரை நாள் உழைப்போ கொஞ்சம் பணமோ ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

தமிழ் நாட்காட்டி வேலையில் யாராவது இறங்கினால் எனக்குச் சொல்லுங்கள். நிரல் எழுதத் தெரியாது. ஆனால் வருகிற விடையைப் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்க்க எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. விடைத்தாள் திருத்திய கை, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்