மணத்தக்காளிக்கு மாத்திரை வேஷம் எதற்கு?

கொல்லையில் யாரும் விதைக்காமலே முளைக்கிற செடி மணத்தக்காளி. பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்பிவிடும். மிளகைவிடச் சற்றே பெரிய கறுத்த பழம். சில இடங்களில் செம்மஞ்சளாகவும் பழுக்கும். வாய்ப்புண் வந்த வீட்டில் இதன் கீரைதான் முதல் மருந்து. இத்தனை எளிய செடிக்கு இப்போது புதிய அந்தஸ்து ஒன்று வந்திருக்கிறது. இலையை உலர்த்திப் பொடித்து, குப்பியில் அடைத்து, 'ஆன்டி ஆக்ஸிடன்ட் நிறைந்தது' என்று சீட்டு ஒட்டி விற்கிறார்கள். விலையைக் கேட்டால் கீரைக்காரி மயக்கம் போட்டு விழுவாள்!

அந்த நீண்ட பெயருக்குப் பொருள் கடினமானதல்ல. நறுக்கிய வாழைக்காய் சற்று நேரத்தில் கறுத்துப் போவது பிராணவாயுவின் வேலை. உடம்பினுள்ளும் பிராணவாயுவால் ஒருவகைச் சேதம் ஓயாமல் நடக்கிறது. அதைத் தடுக்கும் பொருள்களுக்கே அந்தப் பெயர். மணத்தக்காளி இலையில் அவை உண்டு என்பதில் சந்தேகமில்லை. கரோட்டீன், வைட்டமின் சி, குவர்செட்டின் போன்ற பாலிபீனால்கள் எல்லாம் இருக்கின்றன. ஆராய்ச்சிசாலையில் ஊதா நிறமான ஒரு கரைசலில் இலைச் சாற்றை விட்டால் கரைசல் வெளிறி மஞ்சளாகிறது. பார்த்தீர்களா சக்தியை என்கிறது விளம்பரம். ஆனால் மனிதனுடைய வயிறு கண்ணாடிக் குழாய் அல்லவே! பாலிபீனால்களில் சிறு பகுதியே இரத்தத்தில் சேருகிறது. அதுவும் குடலிலும் கல்லீரலிலும் உருமாறித்தான் சேருகிறது. இதைப் போன்ற வேறொரு சோதனையை வைத்து உணவுப் பண்டங்களுக்கு மதிப்பெண் போட்டுப் பட்டியல் வெளியிட்டிருந்த அமெரிக்க விவசாய இலாகா, அந்த எண்கள் உடம்பில் விளையும் பலனைக் காட்டமாட்டா என்று 2012-ல் பட்டியலையே நீக்கிவிட்டது. வியாபாரிகள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

சத்தைத் தனியே பிரித்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பின்லாந்தின் அநுபவம் ஒன்று போதும். காய்கறியும் பழமும் மிகுதியாக உண்போருக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று கண்ட டாக்டர்கள், புகைபிடிக்கும் ஆண்கள் சுமார் 29,000 பேரைச் சேர்த்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பீட்டா கரோட்டீன் மாத்திரையை ஐந்து முதல் எட்டு வருஷம் வரை கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வெளியாயிற்று. மாத்திரை தின்றவர்களிடையே அந்த நோய் குறையவில்லை. 18 சதவிகிதம் கூடியிருந்தது! அமெரிக்காவில் நடந்த இதே மாதிரியான சோதனையை 1996-ல், உரிய காலத்துக்கு 21 மாதம் முன்பே நிறுத்த நேர்ந்தது. இதனால் கரோட்டீன் விஷம் என்று ஆகிவிடாது. கீரையில் வரும் அளவு வேறு, மாத்திரையில் வரும் அளவு வேறு.

கூட்டாகச் சமைத்தால் ஒருவர் எவ்வளவு கீரை தின்பார்? இரண்டு கரண்டி. பொடியிலோ அளவே தெரிவதில்லை. இந்தச் செடியில், முக்கியமாகப் பழுக்காத பச்சைக் காயில், சோலனின் என்ற நச்சுப் பொருள் இருப்பதையும் மறக்கலாகாது. மிகுந்தால் வாந்தியும் பேதியும் வரும். வயிற்றுப்புண் ஆறுவதற்கு எலிகளிடம் செய்த சோதனைகள் ஆதரவாக இருப்பது உண்மையே. எலிக்கு ஆறியதைக் காட்டி மனிதரிடம் காசு வாங்குவது என்ன நியாயம்?

இன்னொரு பேச்சும் ஆபத்தானது. 'கீரை தின்றால் இரத்தம் ஊறும்' என்று சொல்லி, கர்ப்பிணிகள் இரும்புச் சத்து மாத்திரையை ஒதுக்கிவிடுகிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு இரத்தசோகை. கீரையிலுள்ள இரும்பில் உடம்பு ஏற்பது சொற்பமே. டாக்டர் கொடுத்த மாத்திரையை அவர்கள் தவறாமல் விழுங்கத்தான் வேண்டும். கீரை அதோடு சேர்ந்து வரட்டும்.

அதை உண்ணும் முறையைத் தென்பாண்டி நாட்டுப் பாட்டிமார் எப்போதோ கண்டு வைத்திருக்கிறார்கள். அரிசி களைந்த நீரில் வேகவைத்து, தேங்காய்ப் பால் விட்டு இறக்கும் தண்ணிச்சாறுதான் அது. கரோட்டீன் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். தேங்காய்ப் பால் அதைத் தருகிறது. வேகும்போது நீரில் கரையும் சத்தும் சாறோடு வயிற்றுக்கே போகிறது. மேலே எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டால் இரும்பும் சற்றுக் கூடுதலாகச் சேரும். கொல்லை இல்லாத பட்டணவாசிகளுக்கு ஓர் உடைந்த வாளி போதும். பழுத்த பழத்தைப் பிசைந்து, விதையைச் சாம்பலில் புரட்டி உலர்த்தித் தூவ வேண்டியதுதான்.