பட்டுப் பாவாடை யாருக்காக?

தாத்தா பாட்டிகளைக் குறை சொல்லி எழுதுவது நம் நாட்டில் ஆபத்தான காரியம். அரசாங்கத்தைத் திட்டலாம், சினிமாவைத் திட்டலாம், கடவுளைக்கூட இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத் தப்பிவிடலாம். பேத்திக்குப் பாட்டி எடுத்துக் கொடுத்த பாவாடையைப் பற்றி ஒரு சொல் குறைவாகச் சொல்லிவிட்டால், அப்புறம் சொந்த வீட்டிலேயே காப்பி கிடைப்பது கஷ்டம். இருந்தாலும் சொல்லத்தான் போகிறேன். ஏனென்றால், இந்த வழக்கில் வாதியாகிய குழந்தைக்கு இன்னும் பேச்சு வரவில்லை.

வழக்கு இதுதான். ஒரு வயதோ இரண்டு வயதோ ஆன குழந்தைக்கு என்ன உடுத்துவது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது யார்? அந்தக் குழந்தையின் உடம்பு என்று நான் சொல்கிறேன். உடம்பு சொல்வதைக் கேட்டு நடத்தி வைக்க வேண்டியவர்கள் பெற்றவர்கள். நாலு பேரின் கண்ணுக்கும், புகைப்படக்காரரின் காமிராவுக்கும், குடும்ப கௌரவத்துக்கும் இதில் ஓட்டுரிமை கிடையாது.

சித்திரை மாதத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. குழந்தைக்கு ஒன்றரை வயது. மொட்டையடித்த தலையில் சந்தனம் குளுகுளுவென்று பூசியிருந்தார்கள். கழுத்துக்குக் கீழே அடுப்பு! அரக்கு நிறப் பட்டுப் பாவாடை, அதே பட்டில் கை வைத்த சட்டை, ஒரு சாண் அகலத்துக்குச் சரிகைக் கரை, இடுப்பில் ஒட்டியாணம். காது குத்துவதற்கு அரை மணி நேரம் முன்பே குழந்தை வீறிட ஆரம்பித்துவிட்டது.

"அத்தை, முதுகெல்லாம் வேர்க்குரு. காது குத்தினதும் பருத்திச் சட்டைக்கு மாற்றிவிடட்டுமா?" என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

"தாய்மாமன் சீர் வைக்கிற நேரத்தில் வீட்டுச் சட்டையா? உன் மாமா கடை கடையாக ஏறி இறங்கி எடுத்தது. ஒரு மணி நேரம் பொறுத்துக்கொண்டால் என்ன?" என்றார் மாமியார்.

அந்தப் பெண் பேசாமல் இருந்துவிட்டாள். பொறுத்துக்கொள்வது யார் என்று யாரும் கேட்கவில்லை. மாமனார் பொறுத்துக்கொள்ளவில்லை, அவர் மெல்லிய வேஷ்டியில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். அந்த மண்டபத்தில் எதையும் பொறுத்துக்கொள்ளும் வயதை எட்டாத ஒரே ஜீவனிடம்தான் எல்லோரும் பொறுமையை எதிர்பார்த்தார்கள்.

குழந்தையின் அழுகையைப் பிடிவாதம் என்றும், கண்ணேறு என்றும் அங்கே வியாக்கியானம் செய்தார்கள். விஷயம் அதைவிட எளிது. எடையோடு ஒப்பிட்டால், குழந்தைக்கு நம்மைவிடத் தோலின் பரப்பு அதிகம். வெளியிலிருக்கும் வெப்பம் அதன் உடம்பை நம்மைவிடச் சீக்கிரம் சூடாக்கிவிடும். வியர்வை வெளியே வருகிற நுண்ணிய வாய்கள் அடைபட்டால் வேர்க்குரு கிளம்புகிறது. கழுத்து மடிப்பு, அக்குள், நாடா இறுக்கும் இடுப்பு என்று துணி எங்கெல்லாம் ஒட்டுகிறதோ அங்கெல்லாம் கிளம்புகிறது. அதன் மேல் சரிகை உராய்ந்தால் எப்படியிருக்கும்? சரிகை என்பது நூலின் மேல் சுற்றிய உலோகக் கம்பி. மெல்லியதுதான், ஆனால் கம்பி கம்பிதான்.

பட்டின் மேல் எனக்கு விரோதம் இல்லை. பட்டு ஈரம் வாங்கும் நூல். தன் எடையில் சுமார் 11 சதவீதம் ஈரத்தைக் காற்றிலிருந்தே வாங்கி வைத்துக்கொள்ளும். பருத்தி சுமார் 8 சதவீதம். ஆனால் குழந்தைகளுக்கென்று தைத்து மாட்டியிருக்கும் 'பட்டு'களில் பல, பட்டுப் பூச்சியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அவை பாலியெஸ்டர். அந்த நூல் வாங்குகிற ஈரம் அரை சதவீதத்தைக்கூட எட்டுவதில்லை. வியர்த்த முதுகில் அதைப் போர்த்துவதும், எண்ணெய்க் காகிதத்தால் பொட்டலம் கட்டுவதும் ஒன்றுதான். பாவாடை போதாதென்று, அடியில் விறைத்த வலைத்துணியை அடுக்கி, தேவதைக் கவுன் என்று வேறு விற்கிறார்கள். உட்கார்ந்தால் தொடையில் குத்தும். தவழ்ந்தால் முழங்காலுக்குக் கீழே சிக்கும். தேவதைகளுக்குத் தவழ்கிற அவசியம் இல்லை போலும்!

அரிப்போடு போனால் பரவாயில்லை. தீபாவளியை நினைத்துப் பாருங்கள். தாத்தா பாட்டி ஆசையாகத் துணி எடுத்துக் கொடுக்கும் நாள் அது. வாசலெல்லாம் அகல் விளக்கும் மத்தாப்பும் இருக்கிற நாளும் அதுவேதான். நைலானும் பாலியெஸ்டரும் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் எரியும், ஆனால் உருகி ஒட்டாது. எந்தத் துணியானாலும் சரி, தரையைப் பெருக்குகிற நீளத்தில் பாவாடை கட்டிய குழந்தையை விளக்குக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுப்பது, ஆசை என்ற பெயரில் செய்கிற அஜாக்கிரதை.

மார்கழி வந்தால் வேறு கூத்து. சென்னையில் மார்கழி இரவு என்றால் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டி நிற்கிற குளிர்தான். அதற்குக் கம்பளிச் சட்டை, காலுறை, காதை மூடும் குரங்குக் குல்லாய்! கைக்குழந்தையை வீட்டுக்குள் குல்லாய் மாட்டித் தூங்க வைக்காதீர்கள் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வது புதுமோகத்தால் அல்ல. உடம்பு அளவுக்கு மீறிச் சூடேறினால், தூக்கத்திலேயே குழந்தை இறந்துபோகும் அபாயம் கூடுகிறது.

இந்த இடத்தில் பெரியவர்கள் ஒரு பிரம்மாஸ்திரத்தை எடுப்பார்கள். "இதெல்லாம் நம் பரம்பரை வழக்கம். உங்கள் காலத்து நாகரிகத்தை இங்கே கொண்டு வராதீர்கள்." இந்த அஸ்திரத்தை நான் மரியாதையுடன் திருப்பி அனுப்புகிறேன்.

பரம்பரை வழக்கம் எது? பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடாதே என்றுதான் நம் கிழவிகள் சொன்னார்கள். பல தடவை துவைத்து, நைந்து, வெண்ணெய் போல் ஆகிவிட்ட பழம்புடவையைக் கிழித்துச் சுற்றினார்கள். அதே புடவையில்தான் தூளி கட்டினார்கள். நடக்கத் தெரிந்த பிறகும், இடுப்பில் ஓர் அரைஞாண், பெண் குழந்தையானால் வெள்ளியில் ஓர் அரைமூடி; அவ்வளவோடு தெருவெல்லாம் ஓடின குழந்தைகள் எத்தனை! காற்றும் வெயிலும் தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது. அந்தப் பாட்டிகள் பக்கம் நான் நிற்கிறேன். அவர்களை விட்டு விலகிப் போனவர்கள், ஜவுளிக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் பரம்பரையைத் தேடுகிற இந்தக் காலத்துத் தாத்தா பாட்டிகள்.

சௌகரியமான உடை என்பது மேல்நாட்டார் நமக்குச் சொல்லிக் கொடுத்த பாடமும் அல்ல. அங்கேயும் குழந்தைகளைத் துணியால் இறுக்கிக் கட்டி வைத்த காலம் உண்டு. 1693-ஆம் ஆண்டில் ஜான் லாக்கும், 1762-ஆம் ஆண்டில் ரூஸோவும் அதைக் கண்டித்துப் புத்தகத்தில் எழுத வேண்டியிருந்தது.

"பெண் குழந்தைக்கு டிரவுசரா?" என்று முகம் சுளிக்கிற பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பழைய புகைப்படங்களை எடுத்துப் பாருங்கள். முதல் மொட்டைக்கு முன்னால், ஆண் குழந்தைக்குச் சடை பின்னி, பூ வைத்து, பாவாடை கட்டிப் படம் எடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. இன்று மீசையை முறுக்குகிற உங்கள் பிள்ளையும் அப்படி ஒரு படத்தில் இருக்கக்கூடும். அமெரிக்காவில் நான்கு தடவை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், இரண்டரை வயதில், 1884-ஆம் ஆண்டில், நீண்ட கூந்தலும் வெள்ளைக் கவுனுமாக உட்கார்ந்திருக்கும் படம் பிரசித்தமானது. ரோஜா நிறம் பையனுக்கும் நீலம் பெண்ணுக்கும் ஏற்றவை என்று, 1918-ஆம் ஆண்டில், அந்த நாட்டுக் குழந்தை உடை வியாபாரப் பத்திரிகை ஒன்று எழுதியது. இன்று கடைக்காரர் அதைத் தலைகீழாகச் சொல்லி விற்கிறார். அன்று பையனுக்குப் பாவாடை கட்டியதால் எந்த வம்சமும் முழுகிவிடவில்லை. இன்று பெண்ணுக்கு டிரவுசர் போட்டாலும் முழுகாது.

டிரவுசர் போடாததால் முழுகுவது ஒன்று உண்டு. மூன்று வயதுப் பெண் மாடிப்படி ஏறுகிறாள், பாவாடை காலைத் தடுக்குகிறது, தூக்கிப் பிடித்துக்கொள்கிறாள். "சீ, பாவாடையை இறக்கு!" என்று ஒரு குரல் வருகிறது. ஊஞ்சலில் ஆடினால் "ஒழுங்காக உட்கார்." மணலில் விளையாடினால் "பட்டு பாழாகிவிடும்." அவள் அண்ணன் அரை டிரவுசரில் மதில் மேல் ஏறி நிற்கிறான். யாரும் உபதேசம் செய்யாமலே அந்தக் குழந்தை ஒரு பாடத்தைப் படித்துவிடுகிறது: தன் உடம்பு ஓடுவதற்காக ஏற்பட்டதல்ல, மூடுவதற்காக ஏற்பட்டது. இந்தப் பாடத்தைப் பின்னால் மறக்கடிக்க எத்தனை பள்ளிக்கூடமும் போதாது.

"ஒரு நாள்தானே?" என்பார்கள். ஆண்டு நிறைவு ஒரு நாள். மொட்டை ஒரு நாள். காதுகுத்து ஒரு நாள். தீபாவளி, பொங்கல், சித்தப்பா கல்யாணம், அத்தை வளைகாப்பு ஒவ்வொன்றும் ஒரு நாள். "நாங்கள் இன்னும் எத்தனை நாள் இருந்து பார்க்கப் போகிறோம்?" என்றும் கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு முன்னால் எந்த மருமகளும் நிற்க முடியாது. அதனால்தான் அதைக் கேட்காதீர்கள் என்கிறேன். அன்பு பெரிய சொத்து. அதைக் காட்டி ஒரு குழந்தையின் அசௌகரியத்தை விலைக்கு வாங்கக் கூடாது.

இதில் எனக்கு அதிகக் கோபம் பாட்டியிடம் இல்லை, பாட்டியின் பிள்ளையிடம். "அம்மா ஆசைப்படுகிறாள், போட்டுவிடேன், இதற்கு ஒரு தகராறா?" என்று சொல்லிவிட்டுக் கைபேசியில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறானே, அந்தப் புண்ணியவானிடம். தன் தாயிடம் ஒரு வார்த்தை அவன் சொன்னால் அது பிள்ளையின் செல்லக் கோபம். அதே வார்த்தையை மனைவி சொன்னால் அடங்காப்பிடாரித்தனம். இந்தச் சலுகை தனக்கு இருப்பது தெரிந்தும் அவன் வாயைத் திறப்பதில்லை. ஊரெல்லாம் சமாதானப் பிரியன் என்று பெயர் வாங்குகிறான். வேர்க்குருவுக்குப் பவுடர் போடுகிறவள் அவள்.

இளம் தம்பதிகள் இதைப் படித்துக் கை தட்ட வேண்டாம். விறைத்த ஜீன்ஸும், புரியாத இங்கிலீஷ் வாசகம் எழுதிய பனியனும், அடி வைத்தால் கீச்சிடுகிற பூட்ஸும் மாட்டி, நூறு படம் எடுத்து உறவுக்கெல்லாம் அனுப்புகிற உங்கள் கட்சியும் அதே கட்சிதான். பட்டுக்குப் பதில் ஜீன்ஸ். தாத்தாவின் கௌரவத்துக்குப் பதில் உங்கள் கௌரவம். இரண்டுக்கும் நடுவில் அதே குழந்தை வியர்த்துக்கொண்டு நிற்கிறது.

ஆகவே பெரியவர்களே, பேரன் பேத்திக்குத் துணி எடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தாராளமாக எடுங்கள். கடையில் கரையைப் பார்க்குமுன் துணியின் உள்பக்கத்தை உங்கள் கன்னத்தில் தேய்த்துப் பாருங்கள். கழுத்தில் கட்டுகிற நாடாவும், பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளக் கூடிய மணியும் வேண்டாம். ஒரு சுற்று பெரிதாகவே இருக்கட்டும். வாங்கியதை இரண்டு தடவை அலசிப் போட்டு, அப்புறம் மருமகளிடம் கொடுங்கள். எப்போது போடுவது என்பதை அவளிடம் விட்டுவிடுங்கள். பாட்டிமார் ஒரு பழைய நூல் புடவையையும் கூடவே கொடுத்தால், அந்த வீட்டில் அதைவிட உயர்ந்த சீர் கிடையாது.

விசேஷத்துக்குப் பட்டு அவசியம் என்று தோன்றினால் நீங்களே உடுத்திக்கொள்ளுங்கள். உங்களுக்கு அழகாகவும் இருக்கும். ஆனால் கரை மென்மையானதாகப் பார்த்து எடுங்கள். விசேஷம் முடிந்ததும் பேத்தி வந்து படுத்துக்கொள்ளப் போவது உங்கள் மடியில்தான்.