தேய்க்கத் தேய்க்கத் தோன்றும் காடு

நாணயத்தின் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அதன் உருவைத் தாளில் எடுக்காத சிறுவர் எவரேனும் உண்டா? நீங்களும் செய்திருப்பீர்கள். 1925ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டுக் கடற்கரை விடுதி ஒன்றில் தங்கியிருந்த மாக்ஸ் எர்ன்ஸ்ட் என்னும் ஓவியரும் இதனையே செய்தார். தேய்ந்துபோன பலகைத் தரையின் மேல் தாளைப் பரப்பித் தேய்த்தார். மரத்தின் வரிகள் தாளில் ஏறின. உற்றுநோக்கியபோது அவ்வரிகளினுள் உருவங்கள் பல அவருக்குப் புலப்பட்டன. இலைகளையும் முரட்டுத் துணியையும் அவ்வாறே தேய்த்தெடுத்தார். காடும் கடலும் பறவையுமாக உருக்கொண்ட அப்படங்களுள் 34, மறு ஆண்டில் ‘இயற்கை வரலாறு’ என்னும் தொகுதியாக வெளிவந்தன.

சர்ரியலிசம் என வழங்கும் மீமெய்யியல் ஓவியத்தைச் சிறுவர்க்கு அறிமுகம் செய்ய இதனினும் நல்ல வாயில் இல்லை என்பது என் கருத்து. நாமோ பெரும்பாலும் சால்வடார் டாலியின் உருகி வழியும் கடிகாரங்களை முதலில் காட்டி, ‘இதன் பொருள் என்ன?’ என்று வினவுகிறோம். அக்கணமே வகுப்பறை தேர்வறையாகிவிடுகிறது.

இவ்வியக்கம் வேடிக்கைக்காகப் பிறந்ததன்று. முதல் உலகப்போரின்போது மருத்துவ மாணவராயிருந்த ஆந்த்ரே பிரெத்தோன், மனநிலை குலைந்த போர்வீரர்களுக்கான மருத்துவ மையத்தில் 1916இல் பணியாற்றினார். அவர்களுடைய தொடர்பற்ற பேச்சு அவரை ஆழமாகப் பாதித்தது. நனவிலி மனம் பற்றிய சிக்மண்டு பிராய்டின் கருத்துகளும் ஈர்த்தன. பகுத்தறிவைப் போற்றிய ஐரோப்பாவே பேரழிவை நடத்தக் கண்ட தலைமுறை அது. அறிவின் காவலுக்கு அப்பால் மனம் என்ன பேசுகிறது எனக் கேட்க அது விரும்பியது. 1924இல் பிரெத்தோன் வெளியிட்ட அறிக்கை இயக்கத்துக்கு வடிவம் தந்தது.

அவர்கள் கூடி மகிழ்ந்த ஆட்டம் ஒன்றுண்டு. தாளை மூன்றாக மடித்து, முதலாமவர் தலையை வரைவார். கழுத்தின் இரு கோடுகள் மட்டும் மடிப்பைத் தாண்டி நீளும். மேலே இருப்பதை அறியாமலே அடுத்தவர் உடலையும் மூன்றாமவர் கால்களையும் வரைவர். விரித்தால், மூவருள் எவரும் எண்ணியிராத ஓர் உருவம் கிடைக்கும். ஓராண்டு எட்டாம் வகுப்பில் இதனை நடத்தினேன். மின்விசிறித் தலையும் குடவயிறும் கோழிக்கால்களும் கொண்ட உருவம் ஒன்று விரிந்தபோது வகுப்பே சிரித்தது. கடைசி வரிசை மாணவி ஒருத்தி மட்டும் அழிப்பானைப் பற்றியபடி வரையாதிருந்தாள். “எப்படி வரைந்தால் சரி, ஐயா?” என்றாள். மலை, ஞாயிறு, குடிசை, தென்னை எனக் கரும்பலகையைப் பார்த்துப் படியெடுக்கவே எட்டு ஆண்டுகளாக அவளுக்குக் கற்பித்திருந்தோம். அந்த அச்சத்துக்கு நானும் பொறுப்பு.

மறுவாரம் மேசைப் பலகையின் மேல் தாளை வைத்துத் தேய்க்கச் சொன்னேன். தேய்ப்பதில் சரியும் தவறும் இல்லையாதலால் அவள் கை தயங்கவில்லை. வரிகளுக்குள் ஒரு மீனைக் கண்டுபிடித்து, அதற்குத் தானாகவே கண் வைத்தாள்.

‘உள்ளதை உள்ளவாறு வரைய முதலில் கற்கட்டும், கனவைப் பிறகு வரையலாம்’ என்போர் உளர். அக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ரெனே மக்ரித் 1938இல் வரைந்த ஓவியத்தில், கணப்படுப்பின் உள்ளிருந்து புகைவண்டிப் பொறி ஒன்று வெளிவருகிறது. பொறியும் மேலிருக்கும் கடிகாரமும் பிழையற வரையப்பட்டிருப்பதால்தான் நாம் திடுக்கிடுகிறோம். எனினும், ஒன்றை முடித்த பின்னரே மற்றொன்று என்பதை நான் ஏற்கவில்லை. அழிப்பானைத் தேடும் பழக்கம் ஊறிவிட்ட கையிடம் பிறகு கனவைக் கேட்டுப் பயனில்லை.

இவ்வியக்கத்தின் படைப்புகள் யாவும் சிறுவர்க்கு உரியன அல்ல. வன்முறையும் பாலுணர்வும் பலவற்றுள் விரவியுள்ளன. தெரிந்தெடுப்பது ஆசிரியர் கடமை. மெரெட் ஓப்பன்ஹைம் 1936இல் விலங்கின் மென்மயிர்த் தோலால் போர்த்திய தேநீர்க் கோப்பையைக் காட்டலாம். விளக்கம் தேவைப்படாது, உதட்டில் மயிர் பட்டதுபோல் முகம் சுளிப்பர்.

உங்கள் இல்லத்தில் தம்பியோ தங்கையோ இருப்பின், கதவுப் பலகையிலோ முறத்தின் பின்னலிலோ தாளை வைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். என்ன தெரிகிறது என்று மட்டும் கேளுங்கள், திருத்தாதீர்கள். சில நாள் கழித்து டாலியின் கடிகாரங்களைக் காட்டலாம். அது சுவரளவு ஓவியம் என எண்ணுவோர் பலர். 1931இல் வரையப்பட்ட அவ்வோவியத்தின் உயரம் ஏறத்தாழ 24 செ.மீ., அகலம் 33 செ.மீ. மட்டுமே. அவர்களுடைய குறிப்பேட்டை விரித்து வைத்து அந்த அளவையும் காட்டுங்கள்.